மாமனாருக்குச் சர்க்கரை: இரவுச் சாப்பாட்டை எப்படி மாற்றுவது?

காவிரிக்கரைக்காரி:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் மாமனார், மாமியார், கணவர், பத்து வயது மகன், நான் என ஐந்து பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். மாமனாருக்கு வயது 67. கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. வெறும் வயிற்றில் 148, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 236, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி 8.1 என்று வந்திருக்கிறது. மருத்துவர் இரண்டு மாத்திரைகளை எழுதிக் கொடுத்து, சோற்றைக் குறைத்து நடைப்பயிற்சியைத் தொடங்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

காலையிலும் மதியத்திலும் பெரிய சிக்கல் இல்லை, சிக்கலெல்லாம் இரவில்தான். ஏழரை மணிக்குத் தொடங்கும் தொலைக்காட்சித் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட, என் கணவர் எட்டரை மணிக்குக் கடையிலிருந்து வந்து குளித்த பிறகு, ஒன்பது மணி வாக்கில் எல்லோரும் தட்டுகளோடு கூடத்தில் உட்காருவோம். மாமனாருக்கு முதலில் குழம்புச் சோறு, பிறகு ரசம், கடைசியில் மாவடுவோடு மோர்ச் சோறு. விளம்பரம் வரும்போதெல்லாம் மாமியார் எழுந்து ஒரு கரண்டி வைப்பார், அவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிடுவார், எவ்வளவு சாப்பிட்டார் என்பது வைத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு மாமியார் இப்போது அவருக்கு மட்டும் சாமை, வரகு, தினை என்று மாற்றிவிட்டார். மாலையில் நாட்டுச் சர்க்கரை போட்ட கேழ்வரகுக் கஞ்சியும் உண்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டாலும் பழைய அளவில்தான் சாப்பிடுகிறார். போதாக்குறைக்குப் பத்து மணிக்கு முறுக்கு டப்பா திறக்கும் சத்தமும் கேட்கிறது.

சிறுதானியத்துக்கு மாறினால் மட்டும் போதுமா? இரவுச் சாப்பாட்டை முன்னால் கொண்டுவர வேண்டுமென்றால், தனித்தனியாகச் சமைக்காமல் அதை எப்படிச் செய்வது? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாமனார் அதிகம் பேசாதவர். தொடரில் வரும் வில்லியைத் திட்டுவதற்காக மட்டுமே வாய் திறப்பார், அதைக் கேட்டு என் மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஐந்து பேரும் ஓரிடத்தில் இருக்கும் நேரம் அது ஒன்றுதான். அதைக் கெடுக்காமல் வழி இருந்தால் சொல்லுங்கள்.

வெண்பூசணி:

சகோதரிக்கு வணக்கம். என் தாயாருக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை இருக்கிறது. சமையல் என் பொறுப்பு என்பதால் இந்தக் கேள்விக்குள் நிறையவே உழன்றிருக்கிறேன்.

சிறுதானியம் நல்லதுதான், ஆனால் அது மருந்தன்று. தீட்டிய பச்சரிசி 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறதென்றால், சாமை, வரகு, தினை, கேழ்வரகு ஆகியவற்றில் 60 முதல் 67 கிராம் வரை இருக்கிறது. நார்ச்சத்து கூடுதலாக இருப்பதால் பசி சற்றுத் தாங்கும். அவ்வளவுதான் வேறுபாடு. மூன்று கரண்டி அரிசிச் சோற்றின் இடத்தில் மூன்று கரண்டி சாமைச் சோற்றை வைத்தால், மாத்திரைக்கு நீங்கள் செய்யும் உதவி மிகச் சிறியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய சர்க்கரை நோய் ஆய்வும் (ICMR-INDIAB), 2025 இல் வெளியான அதன் முடிவுகளில் இதையே சொல்கிறது: நம் நாட்டில் மக்கள் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது, மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியின் இடத்தில் கோதுமையையோ சிறுதானியத்தையோ வைப்பதால் மட்டும் பயன் தெரியவில்லை, அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பருப்பு, பால், தயிர் போன்ற புரத உணவைக் கூட்டும்போதுதான் ஆபத்து குறைகிறது.

கேழ்வரகுக் கஞ்சியை முதலில் நிறுத்துங்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, அதில் ஐயமில்லை. ஆனால் மாவாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரையும் போட்டுக் குடித்தால் பல்லுக்கும் வேலை இல்லை, குடலுக்கும் வேலை இல்லை. இரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரையே. அதே கேழ்வரகை முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டி, ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் நல்ல சிற்றுண்டி.

தனிச் சமையல் வேண்டாம். தட்டில் வைக்கும் வரிசையை மாற்றினால் போதும். முதலில் ஒரு கிண்ணம் நிறைய அவரைக்காய், புடலங்காய், கொத்தவரை, வாழைப்பூ என ஏதாவது ஒரு பொரியலையும் கெட்டிப் பருப்பையோ சுண்டலையோ வைத்துவிடுங்கள். அவற்றைச் சாப்பிட்டு முடித்த பிறகு சோறு வரட்டும். காயும் பருப்பும் முன்னால் உள்ளே போனால் பின்னால் வரும் சோறு சர்க்கரையை ஏற்றும் வேகம் குறைகிறது, வயிறும் பாதி நிறைந்துவிடுகிறது. உருளைக்கிழங்கையும் சேப்பங்கிழங்கையும் காய்க் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். உங்கள் ஊர்க் கடப்பாவை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. உருளையைப் பாதியாக்கி, பாசிப்பருப்பைக் கூட்டி, இரண்டு இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள்.

அடுத்தது கரண்டி. அவருக்கென்று ஒரு சிறிய குழிக்கரண்டியை எடுத்து வைத்து, சோற்றுப் பாத்திரத்தைக் கூடத்துக்குக் கொண்டுவராமல் அடுக்களையிலேயே விட்டுவிடுங்கள். விளம்பர இடைவேளையில் எழுந்து உள்ளே போய் வர மாமியாருக்கும் முழங்கால் வலிக்குமல்லவா?

நெல்மணி:

மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனாலும் டெல்டாவில் இருந்துகொண்டு பாரம்பரிய அரிசியைப் பற்றி யாரும் பேசாதது வருத்தமாக இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி போன்றவை தவிடு நீங்காமல் கிடைக்கின்றன. நெல் ஜெயராமன் போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடி மீட்ட விதைகளால்தான் இன்று திருத்துறைப்பூண்டிப் பக்கம் இவை மறுபடியும் விளைகின்றன. சாமையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர், சிவப்பரிசிச் சோற்றைச் சோறு என்றே ஏற்றுக்கொள்வார். முதல் நாள் இரவே ஊறவைத்து, தண்ணீர் கூட வைத்துக் குழைய விடாமல் வடித்தெடுங்கள்.

வெண்பூசணி:

நெல்மணி சொல்வது சரியே. மெல்ல வேண்டியிருப்பதால் வேகமாக அள்ளிப் போட்டுக்கொள்ள முடியாது என்பதே அந்த அரிசியின் பெரிய நன்மை என்பேன். ஆயினும் அதற்கும் அதே குழிக்கரண்டிதான்.

மருந்துச்சீட்டு:

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். உணவைப் பற்றி மேலே இருப்பவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். மாத்திரையைப் பற்றி யாரும் கேட்காததால் எழுதுகிறேன்.

மாமனாருக்குக் கொடுத்திருக்கும் இரண்டு மாத்திரைகளின் பெயரையும் அட்டையில் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அச்சம் குறைவு. சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் கொடுத்தால் வயிற்றுக் கோளாறும் குறையும். ஆனால் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றில் ஒன்று இருந்தால், அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. அதை விழுங்கிவிட்டுச் சாப்பாட்டைத் திடீரென்று பாதியாகக் குறைத்தாலோ ஒருவேளை தவறவிட்டாலோ சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அடங்காத பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோசையோ தண்ணீரில் கலக்கி உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். தேறவில்லை என்றால் மறுபடியும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

பத்து மணி முறுக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது வெறும் ஆசையாகவும் இருக்கலாம், சர்க்கரை இறங்கியதால் வந்த பசியாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் ஒருமுறை விரலில் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் மாற்றப் போகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருந்தால் அவர்தான் மாற்ற வேண்டும். அமாவாசை, சஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருக்கிறவராக இருந்தால் அதையும் மறைக்காமல் கேட்டுவிடுங்கள். விரத நாளில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு மயங்கிய நிலையில் தூக்கி வரப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கண்புரை அறுவைக்குப் போகிறார் அல்லவா, அங்கேயே விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை எத்தனை ஆண்டுகளாக உள்ளே இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. பாதங்களையும் வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுவது நல்லது.

திண்ணைவாசி:

அம்மா, நான் உங்கள் மாமனாரின் கட்சி. வயது 71, சர்க்கரையும் உண்டு. அவர் சார்பில் சில வார்த்தைகள்.

நோய் வந்த முதல் சில மாதங்களில் நோயைவிட அதிகமாக உறுத்துவது வீட்டாரின் பார்வை. எல்லோருக்கும் வெள்ளைச் சோறு, தனக்கு மட்டும் வேறு நிறத்தில் ஏதோ ஒன்று என்றால், பத்து மணிக்கு டப்பாவைத் திறப்பவன் நானாகத்தான் இருப்பேன். அதனால் வாரத்தில் சில நாட்களாவது ஐந்து தட்டிலும் அதே சாமையையோ சிவப்பரிசியையோ வையுங்கள். உங்கள் கணவருக்கும் இது தேவைதான்; தகப்பனுக்கு இருந்தால் மகனுக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

நேரத்துக்கு வருகிறேன். ஒரே அளவு சாப்பாட்டைக் காலையில் சாப்பிடுவதைவிட இரவு நேரங்கழித்துச் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு, தொடர் முடிந்தவுடன் படுத்துக்கொள்வது அவருக்கு ஆகாது. தொடர் தொடங்கும் முன், ஏழு மணிக்கே மாமனாரும் மாமியாரும் பேரனும் சாப்பிட்டு முடிக்கட்டும். எங்கள் வீட்டில் அடுக்களை மேடை ஓரத்தில் ஒரு சிறு மேசையைப் போட்டு அப்படித்தான் செய்கிறோம். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடை. உங்கள் ஊரில் மகாமகக் குளம் இருக்கிறது, நான்கு கரையையும் சுற்றி வரலாம். அது தொலைவென்றால் தெருக்கோடி வரை போய் வந்தாலும் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை தணியும். ஒன்பது மணிக்கு நீங்களும் உங்கள் கணவரும் சாப்பிடும்போது அவர் கையில் உப்புக் குறைத்த நீர்மோரோ, கொஞ்சம் வறுத்த கடலையோ இருக்கட்டும். வில்லியைத் திட்டுவதற்கு மடியில் சோற்றுத் தட்டு தேவையில்லை. தொடரை எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள். அதை நிறுத்தினால் அவர் சாப்பாட்டை மாற்றவும் சம்மதிக்க மாட்டார்.

ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டார்கள்: கும்பகோணத்துக்காரரிடம் காபியைப் பற்றிக் கேட்காமல் சோற்றைப் பற்றி மட்டும் கேட்கலாமா? டிகிரி காபி நாளைக்கு நான்கு முறை, தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் அதுவே எட்டுத் தேக்கரண்டி. ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் பெரிய போராகிவிடும். டிகாஷனைச் சற்றுத் தூக்கலாக விட்டு, சர்க்கரையை ஒன்றரை, ஒன்று, அரை என்று வாரா வாரம் இறக்குங்கள். இப்போது எனக்குச் சர்க்கரை போட்ட காபி பாயசம் போல் இருக்கிறது.

காவிரிக்கரைக்காரி:

அனைவருக்கும் மிக்க நன்றி. அட்டையைப் பார்த்தேன்; மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் இருக்கிறது. எனவே நாளை மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் நேரத்தை மாற்றப் போகிறோம். மகனின் டியூஷன் ஆறரை மணியோடு முடிகிறது, அதனால் ஏழு மணிச் சாப்பாடு நடக்கக்கூடியதே. மாமியாரிடம் குழிக்கரண்டியைப் பற்றிச் சொன்னேன், சற்று நேரம் பேசவில்லை; பிறகு அவரே பரணிலிருந்து பழைய பித்தளைக் கரண்டி ஒன்றை எடுத்துத் துலக்கி வைத்தார். காபிப் பேச்சை என் கணவர்தான் எடுக்க வேண்டும், அந்தத் துணிவு எனக்கு இல்லை.

ஒரே ஒரு ஐயம். சாப்பிட்ட பிறகு சோதிப்பதற்கான இரண்டு மணி நேரத்தைச் சாப்பிட்டு முடித்ததிலிருந்து கணக்கிட வேண்டுமா?

மருந்துச்சீட்டு:

இல்லை அம்மா, முதல் கவளத்திலிருந்து. ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்குச் சோதியுங்கள், அதற்கு முன் கடலையோ மோரோ கொடுத்துவிடாதீர்கள். சோதிக்கும் நாளிலும் மாத்திரையை வழக்கம்போலக் கொடுக்க வேண்டும். விரலின் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவாக இருக்கும். அதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிடுங்கள், பழத்தைத் தொட்ட விரலாக இருந்தால் எண் பொய்யாகக் கூடிக் காட்டும்.