டிரா ஆன செஸ் கேம்ல எனக்கு ரேட்டிங் 8.4 ஏறுச்சு, அந்தப் பொண்ணுக்கு 16.8 இறங்கிருக்கே?

சிட்லபாக்கம்_சிப்பாய்:
வயசு 46, ஃபிடே (உலக செஸ் சம்மேளனம்) ரேட்டிங் 1574. போன மாசம் ஒரு ஓபன் டோர்னமென்ட்ல, 90 நிமிஷம் + மூவுக்கு 30 செகண்ட், நாலாவது ரவுண்டுல எதிர்ல 1987 ரேட்டிங். பன்னிரண்டு வயசுப் பொண்ணு. பக்கத்துல ஸ்பைடர்மேன் தண்ணி பாட்டில்.

நான் பிளாக். நடு ஆட்டத்துல ஒரு சிப்பாய் போச்சு. கடைசில ஆளுக்கொரு யானை, அவகிட்ட மட்டும் ஈ5 கட்டத்துல சிப்பாய். என் ராஜா ஈ8ல. எனக்கு உருப்படியாத் தெரிஞ்ச ஒரே எண்ட்கேம் (காய் குறைஞ்ச கடைசிக் கட்ட ஆட்டம்) பிலிடோர்ங்கிற தற்காப்புதான். யானையை ஆறாவது வரிசையில நிறுத்திட்டா அவ ராஜா மேல ஏற முடியாது. சும்மா பி6, ஏ6னு நகர்த்திட்டே இருந்தேன். பொறுமை போய் சிப்பாயை ஈ6க்குத் தள்ளினா. உடனே யானையை முதல் வரிசைக்கு இறக்கி, பின்னாலிருந்து செக், செக், செக். ஒளிய இடமே இல்ல. அவளே டிரா கேட்டா. கை குடுக்கும்போது கண்ணு கலங்கியிருந்துச்சு.

கணக்கைப் பார்த்தா எனக்கு +8.4, அவளுக்கு -16.8. ஒரே கேம்தானே, எப்படி ரெட்டிப்பா போகும்?

குதிரைக்காரன்:
கே ஃபேக்டர், அதாவது ரேட்டிங் ஏத்த இறக்கத்தைப் பெருக்குற எண், வேற, சார். உங்களுக்கு 20. 18 வயசு வரைக்கும், 2300க்குக் கீழ இருந்தா 40. பசங்க ரேட்டிங் சீக்கிரம் ஏறணும்னுதான் அப்படி. இறங்குறதும் அதே வேகம்தான்.

ஓய்வு_ஆர்பிட்டர்:
உங்க ரேட்டிங் வித்தியாசம் 413, ஆனா 400னுதான் எடுத்துப்பாங்க. அப்போ இந்த கேம்ல அவ 0.92 பாயிண்ட் எடுப்பான்னு எதிர்பார்ப்பு, நீங்க 0.08. டிரான்னா ரெண்டு பேருக்கும் 0.5. எதிர்பார்ப்புக்கும் எடுத்ததுக்கும் வித்தியாசம் 0.42. அதை 20ஆலயும் 40ஆலயும் பெருக்கிப் பாருங்க. ஜெயிச்சிருந்தாலும் அவளுக்கு 3.2தான் ஏறியிருக்கும். சின்னப் பசங்க ஓபன்ல நம்மள மாதிரி ஆளுங்களைப் பார்த்து ஏன் பயப்படுறாங்கன்னு புரியுதா?

குதிரைக்காரன்:
அவ ஈ6 தள்ளாம இருந்திருந்தாலும் டிராதான். ஆனா உங்களை இன்னும் ஒரு மணி நேரம் உக்கார வெச்சிருப்பா.

சிட்லபாக்கம்_சிப்பாய்:
நன்றி சார், புரிஞ்சுது. வீட்டுல 8.4 மட்டும்தான் சொல்லியிருக்கேன். அடுத்த ரெண்டு ரவுண்டுல என்னைவிடக் கம்மி ரேட்டிங் பசங்ககிட்ட தோத்து, மொத்தத்துல மைனஸ்னு இன்னும் சொல்லல.