விர்ச்சுவல் கன்சோல்: தமிழில் என்ன? (திங்களுக்குள் வேண்டும்)

சேலம், விரிவுரையாளர்:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான இயங்குதளப் பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ‘விர்ச்சுவல் கன்சோல்’ மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் ‘மெய்நிகர் ஆறுதல்’ என்று வந்தது. பையன்கள் கண்ணில் பட்டால் செமஸ்டர் முழுக்க அதுதான்.

பாடத்தில் உள்ளது இவ்வளவு: 80களின் தொடக்கத்தில் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் கன்கரன்ட் சிபி/எம்-86 என்ற இயங்குதளம், ஐபிஎம் பிசியில் நான்கு விர்ச்சுவல் கன்சோல்களைத் தந்தது. திரையும் விசைப்பலகையும் ஒன்றே. விசையை மாற்றி அழுத்தினால் வேறு நிரல் முன்னுக்கு வரும். பின்னுக்குப் போனது நிற்காது. அது எழுதுவதெல்லாம் தனக்கென ஒதுக்கிய இடத்தில் சேரும். 80 எழுத்து, 25 வரி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பைட், அதன் நிறத்துக்கு ஒரு பைட். ஆக, ஒரு திரைக்கு 4,000 பைட். லினக்சின் தொடக்க நாள்களில் பீட்டர் மெக்டொனால்டு எழுதிச் சேர்த்ததும் இதே ஏற்பாடுதான். ஆல்ட்+எஃப்1, எஃப்2 என்று மாறுவது.

மதுரை:
மெய்நிகர் முனையம். டெர்மினலுக்கு முனையம் ஊன்றிப் பல வருஷம் ஆயிற்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கோவை, சர்வர் நிர்வாகி:
இருக்கிறது. டெர்மினலும் கன்சோலும் ஒன்றல்ல. டெர்மினல் என்பது கணினியோடு பேச உதவும் கருவி. அது எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். கன்சோல் என்பது இயந்திரத்துக்கே உரிய இடம். கோளாறு என்றால் அது முதலில் அங்கேதான் கத்தும். பல யூனிக்ஸ் இயந்திரங்களுக்கு அந்த இடத்தில் நொடிக்கு 10 எழுத்து அடிக்கும் டெலிடைப் 33 என்ற தட்டச்சுக் கருவி உட்கார்ந்திருந்தது. யூனிக்ஸ், லினக்சில் டெர்மினலைக் குறிக்கும் இன்றைய ‘டிடிஒய்’ அதன் மிச்சம்தான். 60களின் பிற்பகுதியில் ஐபிஎம்மின் சிபி-67 என்ற மென்பொருள், ஒரே இயந்திரத்தைப் பல போலி இயந்திரங்களாகப் பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொருவர் முன்னால் இருந்த டெர்மினலும் அவரவர் போலி இயந்திரத்தின் கன்சோலாக நடித்தது. டெர்மினல் கன்சோல் வேஷம் போட்ட கதை இது. இரண்டையும் முனையம் என்றால் கதையே போச்சு.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அன்பர்களே, வேரைப் பார்ப்போம். கன்சோல் பிரெஞ்சுச் சொல். கட்டடத்தில் சுவரிலிருந்து நீண்டு பாரம் தாங்கும் உறுப்பு. பிறகு ஆர்கன் என்ற இசைக்கருவியை வாசிப்பவர் அமரும் விசைமேடைக்கு வந்தது, அங்கிருந்து கணினிக்கு. நம் கோயில் தூண்களின் தலையில் உத்தரத்தைத் தாங்கி நிற்பது எது? போதிகை. விஜயநகரக் காலத்தில் அதுவே பூமொட்டாகத் தொங்கத் தொடங்கியது. ஆகவே, மெய்நிகர்ப் போதிகை.

மதுரை:
ஐயா, மாணவன் அதைப் பொதிகை என்று படித்துவிட்டு தூர்தர்ஷனின் பழைய அலைவரிசையைத் தேடுவான். மேலும் அங்கே ‘ப்’ எதற்கு? மெய்யை நிகர்க்கும் என்று விரித்தால் வினைத்தொகை. ஒற்று மிகாது.

தஞ்சாவூர்:
‘நிகர்’ பெயராகவும் நிற்கும், தம்பி. ‘தனக்கு நிகர் இல்லாதவன்’ என்கிறோமே.

யாழ்ப்பாணம்:
எங்கட பௌதிகவியல் புத்தகத்தில் விர்ச்சுவல் இமேஜை மாய விம்பம் என்றுதான் படித்தோம். உங்களுக்கு மாய பிம்பம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்த ‘மாய’ இருக்க, ‘மெய்நிகர்’ ஏன்? அதோடு, நாங்கள் கணனி என்றே எழுதிப் பழகினோம். தயவுசெய்து திருத்த வேண்டாம்.

(கணனியா கணினியா என்று இதற்குப் பின் வந்த பதினோரு மடல்களை இங்கே விட்டுவிடுகிறேன். – மட்டுறுத்துநர்)

சிங்கப்பூர்:
எஸ்சிஓ நிறுவனம், யூனிக்ஸ் வகை இயங்குதளமான தன் சீனிக்சில் இதே வசதியை ‘மல்டிஸ்க்ரீன்’ என்றுதான் விற்றது. செய்தவர்களே திரை என்ற பிறகு நமக்கென்ன? பல்திரை. மாணவன் கண்ணுக்குத் தெரிவதும் அதுதானே.

தஞ்சாவூர்:
திரை நல்ல சொல். கடலின் அலையும் திரை, தொங்கும் சீலையும் திரை, முகத்துச் சுருக்கமும் திரை. மூன்றிலும் மடிப்பு உண்டு. மடிப்புக்குப் பின்னால் இன்னொரு மடிப்பு என்று கொண்டால்...

கோவை:
ஐயா, இரண்டு மானிட்டர் வைத்திருப்பவனும் பல்திரை என்பான். இங்கே பலவாவது திரை மட்டுமில்லை. விசைப்பலகை யாருக்குக் கேட்க வேண்டும் என்பதும் மாறுகிறது.

மதுரை:
பேசாமல் ‘நிகர்நிலை முனையம்’ என்று வைத்து, பல்கலைக்கழக மானியக் குழுவிடம் அங்கீகாரம் வாங்கிவிடலாம்.

சேலம்:
நன்றி, அனைவருக்கும். கணக்குப் பார்த்தால் முனையம் பக்கம்தான் ஆள் அதிகம். மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம். ‘மெய்நிகர் முனையம்’ என்றே போடுகிறேன். முதல் முறை வரும்போது பக்கத்தில் ‘விர்ச்சுவல் கன்சோல்’ என்றும் இருக்கும்.

யாழ்ப்பாணம்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். மாய.

கோவை:
போடுங்கள். ஆனால் உங்கள் குறிப்பில் ‘கன்சோல் என்பது இயந்திரத்தோடு நேரடியாக இணைந்த டெர்மினல்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை எப்படி எழுதப் போகிறீர்கள்? ‘முனையம் என்பது இயந்திரத்தோடு நேரடியாக இணைந்த முனையம்’ என்றா?