மறு: 'மார்ஃப்' என்பதற்குத் தமிழ் – கறிவேப்பிலை அழகியை முன்வைத்து

மஞ்சக்குப்பம், கடலூர்

குழுவினருக்கு வணக்கம்.

ஒரே இனத்துக்குள் காணப்படும் தனித்தனித் தோற்றத்தை ஆங்கிலத்தில் 'மார்ஃப்' (morph) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் 'வகை', 'ரகம்', 'உருவம்', 'திரிபு', 'போலி' எல்லாம் வந்துவிட்டன. சொல்லைப் பிடிப்பதற்கு முன்னால் பொருளைப் பிடித்துக்கொள்வோமே என்றுதான் இந்த நீண்ட மடல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் ஆணில் குழப்பம் இல்லை. கறுப்பு உடம்பு, கறுப்பு இறக்கை, பின்னிறக்கையின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகளாலான ஒரு பட்டை. பெண்ணில்தான் விஷயமே. ஒருத்தி ஆணைப் போலவே இருப்பாள். இன்னொருத்திக்குப் பின்னிறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்பு. சட்டென்று பார்த்தால் ரோஜா அழகி என்ற வேறோர் இனம். மூன்றாமவளுக்கு முன்னிறக்கையில் வெளிர் பட்டைகள், பின்னிறக்கையில் சிவப்புப் புள்ளிகள். சிவப்புடல் அழகி என்ற இன்னோர் இனம் என்றே எழுதிவிடுவோம். மூவரும் ஒரே இனம். ஒரே தாயின் முட்டைகளிலிருந்தே இரண்டு மாதிரி மகள்கள் வரலாம். நடுவாந்தரமாக, பாதி அது பாதி இது என்று பொதுவாக வருவதில்லை.

ஏன் இந்த வேலை என்பது பலருக்குத் தெரிந்ததுதான். ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் புழுவாக இருக்கும்போது ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இவற்றைத் தின்கின்றன. ஆடுகூடத் தொடாது என்று பெயரிலேயே எழுதி ஒட்டிய செடி. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் பட்டாம்பூச்சியின் உடம்பிலும் தங்கிவிடுவதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அந்த நிறத்தைக் கண்டாலே விலகும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தின்று வளர்ந்தவளிடம் அந்த நஞ்சு கிடையாது. நிறத்தை வைத்தே பிழைக்கிறாள்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமல்ல. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே 1758-இல் ஒன்றைப் 'பம்மோன்' என்றும் மற்றொன்றைப் 'பாலிடெஸ்' என்றும் இரண்டு இனங்களாகப் பெயரிட்டார். பின்னால் கிராமர் வந்து மூன்றாவதை 'ரோமுலஸ்' என்றார். இப்படித் தனித்தனிப் பெயர் வாங்கியவை ஒரே இனத்தின் பெண்களாக இருக்கலாம் என்பதை அழுத்திச் சொன்னவர் இயற்கையியலாளர் வாலஸ். மலாய்ப் பகுதியின் அழகிப் பட்டாம்பூச்சிகள் பற்றி அவர் லண்டன் லின்னேயன் கழகத்தில் 1864-இல் வாசித்து 1865-இல் அச்சான கட்டுரை அது. அதே கட்டுரையில் மாறுபாட்டை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்: சாதாரண மாறுபாடு, பல்லுருமை (ஒரே இனத்தில் பல தோற்றங்கள் இருப்பது), இடத்துக்கு இடம் மாறும் வடிவம், ஒரே இடத்தில் சேர்ந்து வாழும் வகை, உள்ளினம், கடைசியில் இனம். நாம் இன்றைக்கும் ஆறுக்கும் 'வேறுபாடு' என்ற ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில்தான் வருத்தம்.

1910களில் இலங்கையில் ஃபிரையர் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, இந்தப் பெண் மாதிரிகள் மெண்டல் விதிப்படி இறங்குவதைக் காட்டினார். 2014-இல் கிருஷ்ணமேக் குந்தே முதலானோர் 'நேச்சர்' இதழில், இதை நடத்துவது 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணு என்று காட்டினார்கள். பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை வகுக்கும் அதே மரபணுதான். வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளியும் ஆண் மாதிரியை மீறி வெளிப்படுபவை. ஆணிடமும் அந்த மரபணு இருக்கும், இறக்கையில் மட்டும் காட்டாது.

ஆக நமக்கு வேண்டிய சொல், பிறவியிலேயே அமைந்த, எல்லை தெளிவான, ஒரே இனத்துக்குள் ஒரே ஊரில் சேர்ந்து வாழும் தோற்றத்தைக் குறிக்க வேண்டும். இதை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

> ரகம் என்றால் என்ன குறை? பண்ருட்டிப் பலாவில் ரகம் சொல்கிறோமே.

ரகம் மனிதர் தேர்ந்து காப்பாற்றுவது. ஒட்டுக்கட்டினால் அதே பலா திரும்ப வரும். இங்கே வெள்ளைத் திட்டுத் தாய்க்கு ஆண் மாதிரி மகள் பிறப்பாள். ரகம் என்று எழுதினால் அது தனி வம்சம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

> தோன்றல், திரிதல், கெடுதல் என்று இலக்கணத்திலேயே இருக்கிறது. 'திரிபு' போதும்.

இலக்கணத்தில் கண்ணியமான சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வரலாற்றுத் திரிபு' என்று எழுதி எழுதி நாம் அதைக் கெடுத்துவிட்டோம். மேலும், திரிபு என்றதும் எதிலிருந்து திரிந்தது என்ற கேள்வி வரும். வேலியோரம் நின்று குறிப்பெடுப்பவர் அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை.

> நிலம், நிலன் போல இதுவும் போலிதானே?

இது அழகான யோசனை. எழுத்து மாறியும் பொருள் மாறாதது கடைப்போலி. இறக்கை மாறியும் இனம் மாறாதது இது. ஆனால் ஓர் உயிர் இன்னொன்றைப் போலத் தோன்றித் தப்பிக்கும் 'மிமிக்ரி'க்கே 'போலி' தேவைப்படுகிறது. ஆண் மாதிரிப் பெண் எதற்கும் போலி இல்லையே, அவளை என்ன செய்வது?

'உருவம்' பொதுவாக நல்ல சொல்தான். ஆனால் உருமாற்றம் என்றால் புழு பட்டாம்பூச்சியாவது என்று பள்ளியிலேயே படிந்துவிட்டது. பூச்சியைப் பற்றிப் பேசும்போது 'உரு' என்று தொடங்கினாலே வாசகர் மனம் புழுவுக்குப் போகும். 'வகை'யைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது எதற்கும் பொருந்தும்.

என் முன்மொழிவு 'கோலம்'. மார்ஃப் என்பதற்குக் கோலம், அப்படி ஒன்றுக்கு மேற்பட்டு இருப்பதற்குப் பல்கோலம். பெண்ணில் மட்டும் வருவது பெண்கோலம். 'பாப்பிலியோ கிளிட்டியா' என்ற இன்னொரு பட்டாம்பூச்சியில் ஆண், பெண் இரண்டுக்குமே இரண்டு தோற்றம் உண்டு, ஒன்று காக்கை நிறப் பட்டாம்பூச்சியைப் போல, மற்றொன்று நீலவரிப் பட்டாம்பூச்சியைப் போல. அங்கே வெறும் கோலம் என்றே சொல்லலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் பக்கத்துக் கறிவேப்பிலை அழகி மொத்தமும் 'பாலிடெஸ்' இனத்தில் 'பாலிடெஸ் ரோமுலஸ்' என்ற உள்ளினம், அதாவது வட்டாரப் பிரிவு. அதற்குள் சிவப்புப் புள்ளிப் பெண்ணுக்கும் 'ரோமுலஸ்' என்றே பெயர். அதனால் ஆண் மாதிரிப் பெண்ணும் ஒரு கணக்கில் ரோமுலஸ், இன்னொரு கணக்கில் இல்லை! புதிதாக வருபவர்கள் இங்கேதான் தலையைச் சொறிகிறார்கள். 'ரோமுலஸ் உள்ளினம்', 'ரோமுலஸ் கோலம்' என்று எழுதினால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றுக்கும் தமிழ்ப் பெயராக ஆண்மாதிரிக் கோலம், ரோஜாக் கோலம், சிவப்புடல் கோலம் என்று வைக்கலாமா?

---

லாஸ்பேட்டை, புதுச்சேரி

ஐயா, வணக்கம்.

கடைசிப் பெயரை முதலில் எடுத்துவிடுங்கள். சிவப்புடல் அழகியையும் அதன் போலியையும் நாங்கள் பிரித்தறிவதே உடம்பை வைத்துத்தான். உண்மையானதற்கு உடம்பு சிவப்பு. ரோஜா அழகிக்கும் அப்படித்தான். போலிக்கு இறக்கை எல்லாம் பொருந்தும், உடம்பு மட்டும் கறுப்பு. உடம்பு சிவக்காதவளுக்குச் 'சிவப்புடல் கோலம்' என்று பெயர் வைத்தால் படம் அனுப்பும் பிள்ளைகள் என்னிடம்தான் சண்டைக்கு வருவார்கள்.

யாரைப் போல இருக்கிறாள் என்பதை வைத்துப் பெயரிடுவதே எனக்கு உவப்பில்லை. இது இன்னதற்குப் போலி என்பது ஒரு விளக்கம். கண்ணில் படுவது இறக்கை. 'வெண்திட்டுக் கோலம்' என்றால் பார்த்ததை மட்டும் சொல்கிறது. மூன்றாவதற்குச் 'செம்புள்ளிக் கோலம்' என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: வெண்திட்டுக்காரிக்கும் பின்னிறக்கை ஓரத்தில் சிவப்பு உண்டு. முன்னிறக்கையின் வெளிர் பட்டைதான் மூன்றாமவளின் தனி அடையாளம். 'முன்பட்டைக் கோலம்' எப்படி? காதுக்குச் சுகமில்லைதான், ஆனால் தப்பாகப் போகாது.

'கோலம்' என்ற சொல்லின் மேலேயே ஒரு கேள்வி. மணக்கோலம், போர்க்கோலம், தவக்கோலம் எல்லாம் போட்டுக் கலைப்பவை. தாலி கட்டி முடிந்ததும் மணக்கோலம் போய்விடும். நீங்களோ பிறவியில் அமைந்து சாகும்வரை மாறாததற்குச் சொல் கேட்கிறீர்கள். இதே அழகியின் கூட்டுப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை இலை, பச்சைத் தண்டில் தொங்கினால் பெரும்பாலும் பச்சை. காய்ந்த குச்சியிலோ சுவரிலோ தொங்கினால் பழுப்பு. ஒரே தாயின் பிள்ளைகள்தான், மரபணுவில் அதற்கென்று வேறுபாடு தேவையில்லை. 'கோலம்' என்ற சொல் அதற்குத்தான் இன்னும் பொருந்துகிறது என்பேன்.

அப்புறம், மார்கழியில் இணையத்தில் கோலம் என்று தேடிப் பாருங்கள். புள்ளிக் கோலமும் சிக்குக் கோலமும் வரும், பட்டாம்பூச்சி வராது. அதுவும் பட்டாம்பூச்சிக் கோலம் என்றே ஒன்று போடுகிறார்கள்!

சேகரிப்பைப் பற்றி இழையில் ஒருவர் கேட்டிருந்தார். வலை வீசிப் பிடித்து, ஊசி குத்திப் பெட்டியில் அடுக்குவது இன்று நம் போன்றவர்களுக்கான வழியல்ல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே சிவப்புடல் அழகி சேர்க்கப்பட்டிருந்தது. நாங்கள் படமெடுக்கிறோம், முட்டையிடும் தாயின் தோற்றத்தைக் குறித்துக்கொண்டு, அந்தப் புழுக்களைக் கறிவேப்பிலைத் தொட்டியிலேயே வளர்த்து, மகள்கள் எப்படி வருகிறார்கள் என்று பார்த்துப் பறக்க விடுகிறோம். அப்பன் யார் என்று தெரியாது, தெரிந்தாலும் அவன் இறக்கை ஒன்றும் சொல்லாது. ஆகவே இந்தச் சொல் எனக்கு ஆசைக்காக இல்லை, இந்த வளர்ப்புக் குறிப்புகளின் அட்டவணைத் தலைப்பில் எழுத.

---

மஞ்சக்குப்பம், கடலூர்

அம்மா, சிவப்புடல் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. வெண்திட்டு, முன்பட்டை, ஆண்மாதிரி என்றே இருக்கட்டும்.

மணக்கோலத்துக்கு என் பதில் திருவந்திபுரத்தில் இருக்கிறது. அங்கே தேவநாதப் பெருமாள் நின்ற திருக்கோலம். இதே மாவட்டத்தில் தில்லையில் கோவிந்தராசர் கிடந்த திருக்கோலம். நின்றவர் மாலையில் படுப்பதில்லை, கிடந்தவர் காலையில் எழுவதில்லை. அந்தந்த இடத்தில் அது நிலையானது, ஆனாலும் இருவரும் ஒருவரே என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கோலம் என்ற சொல்லுக்கு இந்தப் பொருள் நாம் புதிதாகத் திணிப்பதில்லை, நூற்றாண்டுகளாகப் புழங்குவதுதான்.

கூட்டுப்புழுவை இதில் சேர்க்கக் கூடாது என்பதில் நானும் உங்களோடுதான். நெல்வயல் ஓரத்தில் அந்தி நேரத்தில் பறக்கும் பழுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று உண்டே, மழைக்காலத்தில் இறக்கையில் கண்புள்ளிகளோடும் வறண்ட காலத்தில் சருகு போலவும் வருவது, அதையும் சேர்க்கக் கூடாது. இவை சூழல் தீர்மானிப்பவை. இவற்றுக்குக் கோலம் என்ற சொல்லையே தொடாமல் வேறு சொல் தேட வேண்டும்.

தேடலில் மார்கழிக் கோலம் வருவதைத் தடுக்க முடியாதுதான். 'பெண்கோலம்', 'பல்கோலம்' என்று சேர்த்தெழுதினால் கொஞ்சம் குறையும்.

---

லாஸ்பேட்டை, புதுச்சேரி

திருவந்திபுரத்தைக் கொண்டுவந்துவிட்டீர்கள், நான் என்ன சொல்ல! சரி, அட்டவணையில் 'தாயின் கோலம்', 'மகளின் கோலம்' என்று தலைப்பைப் போட்டுவிடுகிறேன். ஆணுக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். அவனுக்குக் கோலம் 'ஆண்மாதிரி' என்று யாரும் நிரப்ப வேண்டாம். அது பெண்ணுக்கு மட்டுமான சொல்.

'பல்கோலம்' எனக்கு இன்னும் ஒட்டவில்லை. கட்டுரையில் பல்லுருமை என்றுதான் எழுதுவேன், அடைப்பில் உங்கள் சொல்லைப் போடுகிறேன். கூட்டுப்புழுவுக்கு இப்போதைக்குப் பச்சைக் கூடு, பழுப்புக் கூடு என்று எழுதிக்கொள்கிறோம். சூழலால் வருவதற்கான சொல்லுக்குத் தனி இழை தொடங்குங்கள், இதிலேயே போட்டால் தொலைந்துபோகும்.