கொகெதமா: பாசிப்பந்தா, பாசிப்பொதியா?

ஐயா, வணக்கம்.

செடியின் வேரை மண்ணுருண்டையில் பொதிந்து, மேலே பாசி போர்த்தி வளர்க்கும் ஜப்பானியக் கொகெதமாவுக்குத் தமிழ்ப்பெயராக நீங்கள் முன்வைத்த ‘பாசிப்பந்து’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் வேறொன்றுக்கு அச்சாகப் பொருந்துகிறது: ஹொக்கைடோவின் ஆக்கான் ஏரியில் உருண்டை உருண்டையாக வளரும் மரிமோ. ‘மரி’ விளையாட்டுப் பந்து, ‘மோ’ நீர்ப்பாசி. 1952இலேயே ஜப்பான் அதைச் சிறப்பு இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்துவிட்டது. பந்தை அதற்கே விட்டுவிடலாம்.

சிக்கல் நம் ‘பாசி’யில் இருக்கிறது. அவர்களுக்கு நீரில் வளர்வது மோ, பாறையில் படர்வது கொகே. நமக்குக் குளத்தில் மிதப்பதும் பாசி, கிணற்றுச் சுவரில் படர்வதும் பாசி. (அவர்களும் ரொம்ப ஒழுங்கில்லை. மரப்பட்டையில் ஒட்டும் லைக்கன் பலவற்றுக்கும் கொகே என்றே பெயர்.)

சரி, ‘கொகே’, ‘தமா’ என்று பிரித்து நேராகவே மொழிபெயர்ப்போம் என்றால் அங்கே ஒரு வேடிக்கை. ‘தமா’வுக்கு உருண்டை, மணி என இரு பொருள். பாசிமணி! அது கழுத்தில் போடுவது. ‘பாசி உருண்டை’ என்றாலோ நெய் மணக்கிறது.

டோக்கியோவில் ஒரு வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். சதுப்பு நிலத்து நாணல்கள் மட்கிய ‘கெதோ’ என்ற கருமண் ஏழு பங்கு, ‘அகதமா’ என்ற சிவந்த குறுணை மண் மூன்று பங்கு. காதுச்சோணையின் பதம் வரும்வரை பிசையச் சொன்னார் ஆசிரியை. நான் அவசரப்பட்டேன், வேரைச் சுற்றி வைத்ததுமே விண்டு மேசையில் உதிர்ந்தது. மறுபடி பிசைந்து, உருட்டி, மேலே பாசியைப் போர்த்தி, கறுப்பு நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துச் சுற்றினேன். உருட்டியதென்னவோ கொஞ்ச நேரம்தான். மற்றதெல்லாம் பொதிகிற வேலை.

ஆகவே என் பரிந்துரை ‘பாசிப்பொதி’. வினைச்சொற்களும் தேடாமலே வந்து சேர்கின்றன: பொதி கட்டினேன், பொதி பிரிந்தது, கனம் குறைந்தால் பொதியை வாளி நீரில் அமிழ்த்திக் குமிழி நிற்கும்வரை வை. பொதி என்றதும் கழுதைதான் நினைவுக்கு வருகிறது என்று யாராவது எழுதுவீர்கள். பொதிசோறும் நினைவுக்கு வரட்டுமே.

அப்புறம், ஒலிபெயர்க்கும் இடங்களில் ‘கொகெடமா’ வேண்டாம். தனித்து நிற்கையில் வன்மையாக ஒலிக்கும் ‘தமா’ இன்னொரு சொல்லின் பின்னே சேரும்போது மென்மையாகிறது. உயிர்களுக்கு இடையில் வரும் நம் தகரமும் அப்படித்தான். ‘கொகெதமா’ போதும்.