மறு: ‘விர்ச்சுவல் ஆர்கனைசேஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘மெய்நிகர் நிறுவனம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறது.

வணக்கம் ஐயா. சொல்லுக்குச் சரி, பொருளுக்குச் சரியில்லை. கிரிட் (பல ஊர்க் கணினி மையங்களை இணைத்துப் பயன்படுத்தும் முறை) கையேடுகள் பலவற்றில் ‘மெய்நிகர் எந்திரம்’ என்பதும் உள்ளே வரும். அங்கே மெய்நிகர் என்றால், வன்பொருளின் வேலையை மென்பொருள் செய்து காட்டுவது. இங்கே அப்படி எதுவும் இல்லை. ஆய்வாளர்கள் மெய், கணினி மையங்கள் மெய், இருவரும் செய்துகொண்ட உடன்பாடும் மெய். 2001இல் ஃபாஸ்டர், கெசல்மன், டூக்கி மூவரும் எழுதிய கட்டுரையில் இந்தத் தொடருக்குத் தந்த விளக்கத்தின் சாரம்: வளங்களைப் பகிரும் விதிகளால் ஒன்றுபட்ட ஆட்களும் நிறுவனங்களும். ‘மெய்நிகர் நிறுவனம்’ என்று படிப்பவருக்கு இணையத்தில் மட்டும் நடக்கும் கம்பெனிதான் நினைவுக்கு வரும்.

அது செய்யும் வேலையைப் பாருங்கள். எந்தக் கணினி மையமும் ஆயிரக்கணக்கான இயற்பியலாளர்களுக்குத் தனித்தனியே கணக்குத் திறந்துகொண்டிருப்பதில்லை. செர்ன் ஆய்வகத்தின் துகள் ஆய்வுகளில் ஒன்றான ‘அட்லஸ்’ என்ற ஒரு பெயரை ஏற்கிறது. அந்தப் பெயருக்குள் யார் யார், யாருக்கு என்ன பொறுப்பு என்பதை அட்லஸ் தரப்பு பார்த்துக்கொள்கிறது. எனவே ‘ஆய்வுக்குழாம்’ என்று முன்மொழிகிறேன்.

———

> எனவே ‘ஆய்வுக்குழாம்’ என்று முன்மொழிகிறேன்.

மெய்நிகர் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். குழாம் எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, புணர்ச்சி. இந்தச் சொல் தனியாக வராது. சான்று, பட்டியல், கணக்கு எல்லாவற்றோடும் சேரும். மரம்+கிளை மரக்கிளை ஆவதுபோல் குழாம்+கணக்கு ‘குழாக்கணக்கு’ ஆகும். படிப்பவர் அதைக் குழாய்க் கணக்கு என்றுதான் படிப்பார்.

இரண்டாவது, இதைவிடப் பெரிய சிக்கல். ஆய்வுக் கூட்டமைப்பு வேறு, நாம் பெயர் தேடும் பொருள் வேறு. அட்லஸில் இரண்டும் ஒரே பெயரில் இருப்பதால் வேறுபாடு தெரிவதில்லை. ‘பயோமெட்’டைப் பாருங்கள்: மருத்துவப் படிமம், மருந்துத் தேடல், உயிர்த்தகவலியல் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத குழுக்கள் ஒரே பெயரின் கீழ் வளங்களைப் பயன்படுத்துகின்றன. அது ஓர் ஆய்வுக்குழு அல்ல. ஒரே நுழைவுரிமையில் வருபவர்கள், அவ்வளவுதான்.

பழுது வரும்போதும் இந்த வேறுபாடு முக்கியம். வாம்ஸ் முறையில் (இன்னார் உறுப்பினர் என்று ஒரு சர்வர் சான்று தரும் முறை), ஒவ்வொரு மையமும் தான் ஏற்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிறு எல்.எஸ்.சி. கோப்பு வைத்திருக்கும். அதில் பொதுவாக இரண்டே வரி: அந்த உறுப்புரிமைச் சர்வரின் சான்றிதழ்ப் பெயர், அதை வழங்கிய அமைப்பின் பெயர். சர்வருக்கு வேறொரு அமைப்பிடம் புதுச் சான்றிதழ் வாங்கியபின் ஒரு மையம் இரண்டாம் வரியை மாற்றாமல் விட்டால் அந்த மையத்தில் அத்தனை பேருக்கும் கதவடைப்பு. பயனருடைய சான்றிதழ் சரி, உறுப்புரிமை சரி, பக்கத்து மையத்தில் வேலையும் ஓடுகிறது. தன் சான்றிதழ்தான் காலாவதியாகிவிட்டதோ என்று அவர் அதையே புதுப்பித்துக்கொண்டிருப்பார். அவருக்கு நாம் சொல்ல வேண்டிய வாக்கியம்: “பழுது உங்களிடம் இல்லை, உங்கள் ____ அந்த மையத்தில் ஏற்கப்படவில்லை.” கோடிட்ட இடத்தில் ‘ஆய்வுக்குழாம்’ என்று போட்டால், ஆராய்ச்சியையே நிராகரித்துவிட்டார்கள் என்று ஆகிறது.

‘பயனணி’ எப்படி? பயனர் என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது.

———

> ‘பயனணி’ எப்படி?

கணிதத்தில் மேட்ரிக்ஸுக்கு ‘அணி’ என்று சொல்கிறோமே என்பதுதான் முதல் தயக்கம். ‘பயன்’ முன்னால் ஒட்டியிருப்பதால் குழப்பம் வராது என்று படுகிறது. கூட்டுச்சொல்லாக்கிப் பார்த்தேன்: பயனணி மேலாளர், பயனணிச் சான்று, பயனணிக் கணக்கு. நாக்கில் தடுக்கவில்லை.

வாக்கியத்திலும் வைத்துப் பார்ப்போம்:

“பயனணிச் சான்று வழக்கமாக 12 மணி நேரம் செல்லும், நீண்ட வேலையென்றால் இடையில் புதுப்பிக்க வேண்டும்.”

“மையத்தின் கடிகாரம் பின்தங்கியிருந்தால், புதிதாக எடுத்த பயனணிச் சான்றை ‘இன்னும் நடப்புக்கு வரவில்லை’ என்று தள்ளிவிடும்.”

“இந்தப் பயனணிக்கு ஒதுக்கிய, ஆளுக்கொன்றாகத் தரும் பொதுக் கணக்குகள் தீர்ந்துவிட்டன, பழைய உறுப்பினருக்கு வேலை ஓடும், புதியவருக்கு ஓடாது.”

மூன்றும் நிற்கின்றன. வாம்ஸ் போய் டோக்கன் (மின்னணு அனுமதிச்சீட்டு) வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்திலும் சொல் தாங்கும். டோக்கனை வழங்குவது எந்தப் பயனணியின் சர்வர், அதை மையம் நம்புகிறதா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ‘சான்று’ இருந்த இடத்தில் ‘டோக்கன்’ வரும், அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை: உடன்பாட்டு ஆவணங்களில் இதைப் போடக் கூடாது. கையெழுத்திடுவது நிறுவனங்கள்; பயனணி கையெழுத்திடாது. எல்.எச்.சி. (செர்னின் பெரிய துகள் மோதுவி) கணிப்பில் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் இவ்வளவு செயலித்திறன், இவ்வளவு வட்டு, இவ்வளவு நாடா என்று மையங்கள் உறுதி கூறுகின்றன. அந்த ‘பிளெட்ஜ்’ஜுக்கு ‘வாக்குறுதி’ என்று எழுதினால் தேர்தல் வாடை அடிக்கிறது. ‘உறுதிப்பங்கு’ என்று எழுதலாம். ஓய்ந்திருக்கும் நேரத்தில் தரும் செயலித்திறன் இதில் சேராது. அதை ‘உபரிப்பங்கு’ எனலாம்; மையம் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும், ஓடிக்கொண்டிருக்கும் வேலை பாதியில் நின்றாலும் முறையிட முடியாது.

மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு, மேலே உள்ள மூன்று வாக்கியங்களிலும் அதைப் பொருத்தி எழுதுங்கள்.