முழங்கால் கெட்ட பின்னும் லெட்லி கிங் ஆடியது எப்படி?

கேள்வி: தோட்டத்துத் திடல், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில், பழைய லயங்களுக்குப் பின்னால் இருக்கும் திடலில், வாரந்தோறும் சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். இளமையில் மாவட்ட அளவில் ஆடிய அனுபவம்தான் எனக்கு உண்டு. பயிற்றுநர் சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை.

எங்கள் அணியில் படிவம் 4 படிக்கும் ஒரு பையன் நடுத் தற்காப்பில் ஆடுகிறான். எதிரணியினர் பந்தை எங்கே அனுப்பப்போகிறார்கள் என்பதை அவர்களுக்கு முன்பே அறிந்தவனைப் போல் போய் நிற்பான். இந்த இருபது ஆண்டுகளில் அப்படியொரு பிள்ளை என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் நான்கு மாதங்களுக்கு முன் ஓர் ஆட்டத்தில் கால் மடங்கி விழுந்ததிலிருந்து, ஆடிய மறுநாள் அவனுடைய இடது முழங்கால் வீங்கிவிடுகிறது. இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடிகிறது, அடுத்த ஆட்டத்தில் மீண்டும் வீங்குகிறது.

ஓய்வெடு என்று நான் சொன்னபோது, இங்கிலாந்தின் டோட்டன்ஹாம் அணியில் நடுத் தற்காப்பில் ஆடிய லெட்லி கிங்கைப் பற்றிய ஒரு காணொளியை அவன் எனக்குக் காட்டினான். அவர் முழங்கால் கெட்ட நிலையில், வாரம் முழுவதும் பயிற்சிக்கே வராமல், ஆட்டத்தன்று மட்டும் இறங்கி ஆடினாராம். "நானும் பயிற்சியை விட்டுவிடுகிறேன் சார், ஆட்டத்தில் மட்டும் என்னைப் போடுங்கள்" என்கிறான். அவனுடைய அம்மா செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். "நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைச் செய்வோம் அண்ணே" என்று முடிவை என்னிடமே விட்டுவிட்டார். அந்தப் பொறுப்பை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

கிங் ஆடிய காலத்தில் அவரைத் தொடர்ந்து பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். உண்மையில் அவர் எப்படி ஆடினார்? அந்த வழி ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பொருந்துமா?

மறுமொழி 1: வெள்ளைச்சட்டை, கிள்ளான்

ஐயா, டோட்டன்ஹாம் அணியை நான் 1990களிலிருந்து பின்பற்றி வருகிறேன். கிங்கைப் பற்றி எழுதக் கிடைத்த வாய்ப்பு என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் 1980இல் கிழக்கு லண்டனில் போ என்ற பகுதியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அவர் ஆடிய சென்ராப் என்ற ஞாயிற்றுக்கிழமை அணியில்தான், பின்னாளில் இங்கிலாந்து அணித்தலைவரான ஜான் டெர்ரியும் ஆடினார். தோட்டத்துத் திடலில் பிள்ளைகளை வளர்க்கும் உங்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும் என்று நினைக்கிறேன். 1999 மே மாதம் லிவர்பூலுக்கு எதிராக முதன்முதலாக டோட்டன்ஹாமின் முதல் அணியில் இறங்கினார். தொடக்கத்தில் அவரை நடுத்திடலிலும் ஆட வைத்தார்கள். 2000 டிசம்பரில் பிராட்ஃபோர்ட் அணிக்கு எதிராக, ஆட்டம் தொடங்கிய பத்தாவது விநாடியில் அவர் அடித்த கோல், 2019இல் ஷேன் லாங் முறியடிக்கும் வரை பிரிமியர் லீக்கின் மிக விரைவான கோலாக இருந்தது. 2001இல் எங்கள் நடுத் தற்காப்பு ஆட்டக்காரர் சோல் கேம்பல் எங்கள் பரம எதிரியான ஆர்சனலுக்குப் போனதால் எங்களுக்கு ஏற்பட்ட காயத்தை, அந்த இடத்தில் வந்து நின்று ஆற்றியவர் கிங்தான்.

காணொளிகள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு செய்தி இருக்கிறது. 2004-2005 பருவத்தில் அவர் 38 லீக் ஆட்டங்களிலும் ஆடினார். அதற்கு முந்தைய கோடையில் யூரோ 2004இல் பிரான்ஸுக்கு எதிராக, காயம்பட்டிருந்த டெர்ரியின் இடத்தில் இறங்கினார். இங்கிலாந்து கடைசி நிமிடங்களில் ஜிடானின் இரண்டு கோல்களால் தோற்றாலும், அந்த ஆட்டத்தில் கிங் ஆடிய விதத்தை எல்லோரும் பாராட்டினார்கள். அணியோடு சேர்ந்து முழுப் பயிற்சி செய்து, ஆயிரக்கணக்கான மணி நேரம் பந்தோடு கழித்து, இருபத்து நான்கு வயதுக்குள் ஒரு முழுமையான தற்காப்பு ஆட்டக்காரராக அவர் ஏற்கெனவே உருவாகிவிட்டிருந்தார். முழங்கால் அவரை முற்றாகக் கைவிட்டது அதன் பிறகுதான்.

2006 நவம்பர் 5, ஞாயிறு இரவு. எங்கள் ஊர் மாமாக் கடையில் உட்கார்ந்து செல்சி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செல்சியின் ஆர்யன் ராபன் பந்தோடு தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடினார். அவருக்கும் கோல் காவலருக்கும் இடையில் ஒருவரும் இல்லை. அந்தக் காலத்தில் ராபனை ஓடிப் பிடிப்பது என்பது நடக்காத காரியம். கிங் பின்னாலிருந்து வந்தார், நெருங்கினார், ஆனால் அவசரப்பட்டுக் காலை நீட்டவில்லை. பெனால்டி கட்டத்துக்குள் ராபன் பந்தை உதைக்கக் காலைப் பின்னுக்கு இழுத்த அந்த நொடிக்காகக் காத்திருந்து, பந்தை மட்டும் சுத்தமாகத் தட்டி எடுத்தார். ஒரு விரற்கடை பிசகியிருந்தால் பெனால்டியும் சிவப்பு அட்டையும் கிடைத்திருக்கும். 2-1 என்ற கணக்கில் வென்றோம். அந்த இரவில் யார் கோல் அடித்தார்கள் என்பதை விட அந்த ஒரு டேக்கிளைத்தான் நாங்கள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம். கையால் சட்டையைப் பிடித்து இழுக்காமலேயே தம்மிடமிருந்து பந்தை எடுத்துவிடும் தற்காப்பு ஆட்டக்காரர் என்று ஆர்சனலின் தாக்குதல் ஆட்டக்காரர் தியரி ஆன்றி அவரைப் புகழ்ந்திருக்கிறார்.

2007-2008 பருவத்தில் அவரால் 4 லீக் ஆட்டங்களில்தான் ஆட முடிந்தது. ஆயினும் 2008 பிப்ரவரியில் செல்சியை வென்று லீக் கிண்ணத்தைக் கைப்பற்றிய இறுதி ஆட்டத்தில் அணித்தலைவராக நின்றார். ஹாரி ரெட்நாப் நிர்வாகியாக இருந்த காலத்தில், அணியினர் திடலில் பயிற்சி செய்யும்போது கிங் நீச்சல் குளத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் இருப்பார். 2012 ஜூலையில், 31 வயதில், ஓய்வு பெற்றார். ஒரே அணிக்காக 268 லீக் ஆட்டங்கள், இங்கிலாந்துக்காக 21 ஆட்டங்கள். முழங்கால் நன்றாக இருந்திருந்தால் அந்த 21 என்பது 80ஆக இருந்திருக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

மறுமொழி 2: மூட்டுப்பணி, தைப்பிங்

வணக்கம் ஐயா. அரசாங்க மருத்துவமனையில் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பையனை நேரில் பார்க்காமல் அவனுக்கு இன்னதுதான் என்று நான் சொல்லக்கூடாது. ஆனால் ஆடும்போதெல்லாம் முழங்கால் வீங்கி, நான்கு மாதமாகியும் அது நிற்கவில்லை என்றால், மூட்டுக்குள் ஏதோ ஒன்று கிழிந்திருக்கலாம் என்று எண்ணித்தான் எந்த மருத்துவரும் ஆராயத் தொடங்குவார்.

முழங்காலுக்குள் இருவகைக் குருத்தெலும்புகள் இருக்கின்றன. எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான உறை ஒன்று. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவில் மெத்தை போல் இருப்பது மற்றொன்று. இந்தப் பிறையின் வெளி ஓரத்துக்கு மட்டும் இரத்த ஓட்டம் உண்டு, உட்பகுதிக்கு இல்லை. ஆகவே ஓரத்தில் ஏற்படும் கிழிசலைத் தைத்தால் ஒட்டும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. உட்பகுதியில் கிழிந்தால் தானாக ஆறுவது அரிது. உறையாக இருக்கும் குருத்தெலும்போ தேய்ந்தால் பழையபடி வளர்வதே இல்லை. கிங்குக்கு நேர்ந்தது இந்தத் தேய்மானம்தான். மெத்தையும் உறையும் போன பிறகு எலும்பு எலும்போடு உரசும். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் மூட்டு நீர் கோத்து வீங்கும். அந்த வீக்கம் வடிவதற்கே அவருக்கு நாட்கள் தேவைப்பட்டதால்தான், பயிற்சிக்குச் செலவிட வேண்டிய முழங்காலை அவர் ஆட்டத்துக்காகச் சேமித்து வைத்தார். இனி சரிசெய்ய வழியில்லை என்று தெரிந்த ஒரு மூட்டை, மருத்துவர்களும் சிகிச்சையாளர்களும் சூழ்ந்திருக்க, மிச்சமிருக்கும் வரை பயன்படுத்திய ஏற்பாடு அது.

உங்கள் பையனின் முழங்காலோ இன்னும் சரிசெய்யக்கூடிய நிலையில் இருக்கலாம். இளம் வயதில் பிறைக் குருத்தெலும்பைத் தைத்துக் காப்பாற்றும் வாய்ப்பு பெரியவர்களை விட அதிகம். கிழிந்த காலோடு வாரந்தோறும் ஆடினால், தைக்கக்கூடிய சிறு கிழிசல் நீண்டு, வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போகலாம். வெட்டி எடுத்தால் சில வாரங்களில் திடலுக்குத் திரும்பலாம் என்பதால் பிள்ளைகள் அதைத்தான் விரும்புவார்கள். அதன் விலையை முப்பது வயதுக்குப் பிறகு மூட்டுத் தேய்மானமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

மூன்று செய்திகளை அவனிடம் கேளுங்கள். காலை மடக்கும்போதோ நீட்டும்போதோ ஏதோ மாட்டிக்கொண்டது போல் நிற்கிறதா? சட்டென்று திரும்பும்போது முழங்கால் நழுவுவது போல் இருக்கிறதா? விழுந்த அன்று சில மணி நேரத்துக்குள்ளேயே வீங்கியதா, மறுநாள்தான் வீங்கியதா? அன்றே பெரிதாக வீங்கியிருந்து, இப்போது நழுவலும் இருந்தால், முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைத்திருக்கும் சிலுவைத் தசைநாரையும் பார்க்க வேண்டும். அது அறுந்திருந்து அறுவைச் சிகிச்சை செய்தால், மீண்டும் ஆடுவதற்குக் குறைந்தது ஒன்பது மாதங்களாவது ஆகும்.

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் காட்டி, ஈப்போ பெரிய மருத்துவமனையின் எலும்பியல் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். பணம் பெரிதாக ஆகாது; காத்திருக்கும் நாள்தான் அதிகமாக இருக்கும். அந்த நாட்களில் அவன் ஆடக்கூடாது. நடக்கலாம், சிகிச்சையாளர் சொல்லும் தொடைத் தசைப் பயிற்சிகளைச் செய்யலாம்.

மறுமொழி 3: பழைய இடதுகால், பீடோர்

எனக்கு இப்போது 61 வயது. சந்தோக் சிங், சோ சின் ஆன் இருவரும் தேசிய அணியின் தற்காப்பில் நின்ற காலத்தில், தோட்டத்து வானொலியைச் சுற்றி உட்கார்ந்து ஆட்டம் கேட்டு வளர்ந்தவன். நானும் தற்காப்பு ஆட்டக்காரன்தான். பத்தொன்பது வயதில் எனக்கும் இப்படித்தான் முழங்கால் வீங்கியது. அப்போது நான் ஆடிய அணியில், ஆட்டத்துக்கு முன் ஊசி போட்டு இறக்கிவிடுவார்கள். வலி தெரியாது, ஓடுவேன். ஒன்றரை ஆண்டு அப்படி ஆடினேன். அதன் பிறகு என்னை யாரும் அழைக்கவில்லை.

கிங்கைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், பால் மெக்ராத்தையும் அந்தப் பையனுக்குச் சொல்லுங்கள். லண்டனில் பிறந்து அயர்லாந்துக்காக ஆடியவர் அவர். முழங்கால்கள் கெட்ட நிலையில் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து 1989இல் அஸ்டன் வில்லாவுக்குப் போய், பயிற்சி ஏதுமின்றியே ஆடி, 1993இல் இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 1994 உலகக் கிண்ணத்தில் இத்தாலியை அயர்லாந்து 1-0 என்று வென்றபோது இத்தாலியின் தாக்குதல் ஆட்டக்காரர் பாஜியோவை அடக்கியவர் அவர்தான். ஆனால் அவரும் முழங்கால் கெடுவதற்கு முன்பே வளர்ந்து முடிந்த ஆட்டக்காரர். வளர வேண்டிய வயதில் முழங்காலை இழந்துவிட்டு மேலே வந்த ஒருவரை எனக்குத் தெரியாது. அந்த வயதில் இழந்தவர்களின் பெயரை எவரும் காணொளியில் போடுவதில்லை.

போன தைப்பூசத்துக்குப் பத்துமலை போயிருந்தேன். 272 படிகளையும் என் பேரன் ஏறிவிட்டான். நான் கீழே முருகன் சிலைக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். பையனின் அம்மா இதைப் படிப்பார் என்றால், அம்மா, உங்கள் மகனை இப்போது நிறுத்துங்கள்.

மறுமொழி 4: வெள்ளைச்சட்டை, கிள்ளான்

பீடோர் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு நெடுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிங்கைப் பையனுடைய மனத்திலிருந்து பிடுங்கி எறிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பயிற்சியைத் தவிர்த்தார் என்ற ஒன்றை மட்டும் அவன் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறான். எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு இருக்கிறது.

ஓட்டம் குறைந்த பிறகும் கிங்கால் ஆட முடிந்ததற்குக் காரணம், அவர் ஓட வேண்டிய தேவையைக் குறைத்துக்கொண்டதுதான். பந்து வைத்திருப்பவனின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, தாக்குதல் ஆட்டக்காரன் தோளுக்கு மேல் எப்போது பார்க்கிறான், தன் பக்கத்தில் நிற்கும் தோழன் எவ்வளவு முன்னேறிவிட்டான் என்பதையெல்லாம் படித்து, இரண்டடி முன்கூட்டியே நகர்ந்துவிடுவார். நாற்பது அடி ஓடிப் பிடிக்க வேண்டிய பந்தை நான்கு அடியில் எடுத்துவிடுவார். ராபன் பின்னால் ஓடியது போன்ற ஓட்டம், வேறு வழியே இல்லாத நேரத்துக்கு வைத்திருந்தது. இந்தப் படிப்பு முழங்காலில் இல்லை. உங்கள் பையனிடம் அது இயல்பாகவே இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆடாத மாதங்களில் அவனைத் திடலோரத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். தற்காப்பு வரிசை எங்கே உடைகிறது என்று அவன் வாயால் சொல்லச் சொல்லுங்கள். 2020இல் டோட்டன்ஹாம் கிங்கைத் தற்காப்புக்கான துணைப் பயிற்றுநராக அழைத்ததும் இந்த அறிவுக்காகத்தான்.

கேள்வி கேட்டவர்: தோட்டத்துத் திடல், சுங்கை சிப்புட்

தைப்பிங் அம்மா, கிள்ளான் தம்பி, பீடோர் அண்ணன், மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அம்மா சொன்ன மூன்று கேள்விகளையும் நேற்று மாலை அவனிடம் கேட்டேன். விழுந்த அன்று வீங்கவில்லை, மறுநாள்தான் வீங்கியது. நழுவுவதில்லை. ஆனால் குந்தி எழுந்திருக்கும்போது சில சமயம் கால் பாதியில் நின்றுவிடுகிறதாம். கையால் அசைத்துவிட்டுத்தான் நீட்டுகிறானாம். இதை இதுவரை என்னிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் ஆட விடமாட்டோம் என்ற பயம்.

பீடோர் அண்ணன் எழுதியதை அவனும் அவனுடைய அம்மாவும் என் கைப்பேசியில் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. பத்துமலை பற்றிய இடத்தை மட்டும் இரண்டாம் முறை படித்தான்.

திங்கட்கிழமை காலை அவனுடைய அம்மா வேலைக்கு விடுப்பு எடுத்திருக்கிறார்; என் வண்டியில் மூவரும் கிளினிக்குக்குப் போகிறோம். வரும் ஞாயிறு ஆட்டத்தில் அவனுடைய இடத்தில் படிவம் 2 படிக்கும் ஒரு சிறுவனை நிறுத்துகிறேன். எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை இவனிடமே கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: கிளினிக்கில் கடிதம் வாங்கும்போது, கால் பாதியில் மாட்டிக்கொள்கிறது என்பதை மருத்துவரிடம் எப்படிச் சொன்னால் எங்களை விரைவாக ஈப்போவுக்கு அனுப்புவார்கள்?