டிலிங்கிட் விருந்துக் கரண்டிகள்: பார்த்தவர்கள், சாப்பிட்டவர்கள் எழுதுங்கள்

கப்பல் பயணி:
அலாஸ்கா பக்கம் போகிறவர்கள் சிட்காவில் ஷெல்டன் ஜாக்சன் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். 1897-ல் கட்டிய எண்கோணக் கட்டடம். கண்ணாடிப் பெட்டிகளுக்குக் கீழே இழுப்பறைகள் உண்டு; நாமே இழுத்துப் பார்க்கலாம். அலாஸ்காவின் பழங்குடியினரான டிலிங்கிட் மக்களின் கொம்புக் கரண்டிகளை அங்கேதான் கிட்டத்தில் பார்த்தேன். கைப்பிடி மலையாட்டுக் கொம்பு, கன்னங்கரேலென்று வளைந்திருக்கிறது. அந்த ஒல்லி வளைவுக்குள்ளேயே அண்டங்காக்கை, கரடி, மனித முகம் என்று ஒன்றின் தலைமேல் ஒன்றை ஏற்றிச் செதுக்கியிருக்கிறார்கள். குழிப்பகுதி காட்டுச் செம்மறியின் கொம்பு. கொதிநீரில் இளக்கி, விரித்து, மர அச்சில் அழுத்தி ஆறவிட்டால் அப்படியே நின்றுவிடுமாம். இரண்டையும் செப்பு ஆணி பிடித்துக்கொள்கிறது. கைப்பிடியில் இவ்வளவு வேலைப்பாடு, குழிக்குள் ஒரு கோடுகூடக் கிடையாது. வாயில் படும் இடமாயிற்றே.

ஜூனோக்காரன்:
நான் சாப்பிட்ட கட்சி. உடன் வேலை பார்த்த ஒருவர், தாய்மாமன் இறந்து ஓராண்டானதும் நடத்திய நினைவு விருந்துக்குக் கூப்பிட்டார். டிலிங்கிட் சமூகம் அண்டங்காக்கை, கழுகு என்று இரண்டு பக்கம். எந்தப் பக்கம் என்பது தாய்வழியாக வரும், கல்யாணம் எதிர்ப்பக்கத்தில்தான் என்பது பழைய முறை. சாவு விழுந்தால் எதிர்ப்பக்கத்தார்தான் காரியங்களை எடுத்துச் செய்கிறார்கள். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த விருந்து. அதனால் விருந்து வைப்பவர்களுக்கு உட்காரவே நேரமில்லை. பரிமாறுவதும் அவர்களே, பணம் கொடுப்பதும் அவர்களே.

முதலில் துக்கப் பாட்டுகள். எதிர்ப்பக்கத்தார் எழுந்து ஆறுதல் சொன்னார்கள். சிரிப்பும் சாப்பாடும் அப்புறம்தான். இறந்தவரின் பங்கைத் தனியாக நெருப்பில் இட்டார்கள். உலர்ந்த சால்மனுக்குத் தொட்டுக்கொள்ள சீல் என்ற கடல்விலங்கின் எண்ணெய். அந்த வாடை பிடித்துப்போனது என்று பொய் சொல்ல மாட்டேன். சோப்பு பெர்ரி என்ற காட்டுப்பழத்தை அடித்து நுரையாக்கியதும் வந்தது, கசப்பும் இனிப்புமாக. பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாதாம். அந்தக் காலத்தில் இதற்கென்றே துடுப்பு மாதிரித் தட்டையான மரக்கரண்டி இருந்திருக்கிறது. எங்களுக்குக் காகிதத் தட்டும் பிளாஸ்டிக் கரண்டியும்தான், கொம்புக் கரண்டியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பணத்தைக் கிண்ணத்தில் சேர்த்து, பெயர் சொல்லி எதிர்ப்பக்கத்தாருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டவர் அன்றைக்கு நடந்ததற்குச் சாட்சி. அன்று சூட்டிய குலப்பெயர்களுக்கும் சேர்த்துத்தான். பழம், ஜாம், போர்வை என்று விடிய விடிய வந்துகொண்டே இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் பெரிய பெட்டியோடு வந்திருந்தார்கள்.

மலைப்பாதை:
கரண்டி கிடக்கட்டும், க்ளுக்வான் என்ற டிலிங்கிட் ஊரின் மரப்புழு விருந்துத் தட்டைப் பார்த்தீர்களா? 14 அடி நீளம், புழு வடிவிலேயே குடைந்தது! 1984-ல் அதே ஊரின் செதுக்கிய வீட்டுத் தூண்களை விற்பதற்காக வெளியே கொண்டுபோய்விட்டார்கள். ஊர் வழக்குப் போட்டது. 1993-ல் ஊரின் பழங்குடி நீதிமன்றமே திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் அவை திரும்பி வந்தன. குலத்தின் சொத்தைத் தனி ஆள் விற்க முடியாது என்பதுதான் வாதம், நியாயம்தானே? க்ளுக்வான், ஹெயின்ஸ் ஊரிலிருந்து 22 மைல். 2016-ல் ஒரு பாரம்பரிய மையமும் திறந்திருக்கிறார்கள். திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.